ஒரு மீட்டர் இருபது

நவம்பர் பதினெட்டு.
வேசர் ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி
மிண்டன் நகரச் சதுக்கத்தை விட்டு இன்னும் கிளம்பவில்லை.
முப்பத்தாறு கான்கிரீட் கட்டைகள்
லாரிகளின் மேல் காத்திருக்கின்றன.
ஒவ்வொன்றும் இரண்டாயிரத்து நானூறு கிலோ.

வரைபடம் நான் போட்டது.
கிறிஸ்துமஸ் சந்தைக்குள் லாரி நுழையக் கூடாது,
தள்ளுவண்டி நுழைய வேண்டும்.
உத்தரவு அவ்வளவுதான்.
இரண்டுக்கும் நடுவே ஓர் எண் இருக்கிறது:
ஒரு மீட்டர் இருபது.

கட்டைகளை இறக்கி வைப்பவர் ஏவாஸ்.
காபூலிலும் இதே வேலைதான் என்று ஒருமுறை சொன்னார்,
அங்கே சுவர்கள் மூன்று ஆள் உயரம்.
யாருக்கு எதிராக என்று கேட்டேன்.
வருகிறவனுக்கு எதிராக என்றார்,
சங்கிலியைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

அளவு நாடாவை அவர் நம்புவதில்லை.
முதல் வருடம் மகளின் தள்ளுவண்டியையே கொண்டுவந்தார்.
குல்லா மூக்குவரை இறங்கிய மகளோடு
ஒவ்வொரு சந்திலும் ஓட்டிப் பார்த்தார்.
சக்கரம் உரசிய இடத்தில்
இரண்டரை டன்னை இரண்டு விரற்கடை நகர்த்தினார்.
மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.
வண்டி மட்டும் வருடா வருடம் வருகிறது,
உள்ளே அவருடைய தேநீர்க் குடுவை.

அக்டோபரில் நான் இன்னொரு தாளும் அனுப்புவேன்:
வளையத்துக்குள் வேலை செய்கிறவர்களின் பெயர்,
பிறந்த ஊர், பிறந்த தேதி.
டெட்லெஃபின் பெயர் மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடும்.
ஏவாஸின் பெயருக்குப் பதினொரு நாள்.
ஜனவரி ஒன்று பிறந்தாராம்,
இங்கே ஒரு மேஜையில்
யாரோ பேனாவைத் திறந்தபோது.
அந்தப் பதினொரு நாளும்
அவர் பெயர் எங்கே உட்கார்ந்திருக்கும்
எனக்குத் தெரியாது.
தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை.

போன வருடம் இருபத்தாறு நாளாகியும் வரவில்லை.
எங்கோ ஒரு நகரத்தில் ஏதோ நடந்திருந்தது,
எல்லோரும் தொலைக்காட்சி முன்னால் இருந்தோம்.
அன்று இரவு நானும்
அவர் கோப்பைத் திறந்து
புகைப்படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.
எதைத் தேடினேன் என்று கேட்காதீர்கள்.

கட்டைகளை டெட்லெஃப் வைத்தார், கண்ணளவில்.

திறப்பு விழா. வறுத்த பாதாம் வாசனை.
இந்த ஊர் எல்லோருக்குமானது என்று மேயர் பேசுகிறார்.
துவான் சுடும் உருளைக்கிழங்கு அப்பத்துக்கு
வழக்கம்போல நீண்ட வரிசை.
வடக்கு வாசலில், நீச்சல் கற்றுக்கொடுத்த ஓல்டெகாப் அம்மாள்
மின்சாரச் சக்கர நாற்காலியோடு
இரண்டு கட்டைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டார்.
முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

ஏவாஸை நான்தான் அழைத்தேன்.
கிரேன் லாரியோடு வந்தார்.
போலீஸ்காரர் கை நீட்டித் தடுத்தார்:
லாரி நுழையக் கூடாது.
பையனுக்கு இருபத்து மூன்று வயதிருக்கும்,
பெயர்ப்பட்டையில் எர்டுரான்.
உள்ளங்கை நடுங்கிக்கொண்டிருந்தது.
இவர் வராமல் கல் நகராது என்றேன்.
கல் நகர்ந்தால் யாரும் வரலாம் என்றான்.
இரண்டும் சரிதான்.
நீங்கள் பேசி முடிப்பதற்குள்
எனக்கு யாராவது சூடான ஒயின் தருவீர்களா என்று
ஓல்டெகாப் அம்மாள் கத்தினார்.

ஏவாஸ் எஞ்சினை அணைத்தார்.
சாவியை எர்டுரானின் கையில் வைத்தார்.
லாரியிலிருந்து ஒரு கடப்பாரையை மட்டும் உருவிக்கொண்டு
வந்து கல்லடியில் கொடுத்து நெம்பினார்.
கல் மூச்சுகூட விடவில்லை.
சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு
எர்டுரானும் பிடித்தான்.
இரண்டு விரற்கடை.
நாற்காலியின் சிவப்புச் சாயம் கொஞ்சம்
கல்லிலேயே தங்கிவிட்டது.

நான்கு நாள் கழித்துத் தாள் வந்தது:
ஆட்சேபம் இல்லை.
போனில் சொன்னேன். யாருக்கு என்று கேட்டார்.

இந்த வருடம் இன்னும் வரவில்லை.
டெட்லெஃப் கிரேனில் ஏறிவிட்டார்.
ரிப்பனுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஏவாஸ்
குடுவையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
காலி வண்டியை ரிப்பனுக்கு அடியில்
என் பக்கம் உருட்டிவிடுகிறார்.
நீங்களே ஓட்டிப் பாருங்கள்.
இடது முன்சக்கரம் கொஞ்சம் இழுக்கும்,
பார்த்து.